உலா சுமந்தவர்களின் நாள்

நவம்பர் பிறந்தால் எங்கள் கோயம்புத்தூரில் ஸ்வெட்டர்க் கடைகள் வந்துவிடும். சாலையோரத்தில் வரிசையாகத் தார்ப்பாய் கட்டி, கம்பளிக் குல்லாய்களையும் ஜெர்கின்களையும் தொங்கவிட்டு, பொங்கல் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசையில் ஒரு கடைக்கு நான் பல வருடங்களாக வாடிக்கையாளன். கடைக்காரரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கர்நாடகத்தில் பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்பில் பிறந்தவர். கன்னடம், இந்தி, தமிழ் மூன்றிலும் பேரம் பேசுவார்.

ஒரு டிசம்பர் மாலையில் கூட்டம் இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த வாரம்தான் நான் சீன அரசு ஒவ்வொரு மார்ச் 28ஆம் தேதியும் திபெத்தில் நடத்தும் 'பண்ணையடிமைகள் விடுதலை நாள்' பற்றிப் படித்திருந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் கேட்டேன். அக்கா கோபப்படவில்லை.

"எங்கம்மா குடும்பமே பண்ணை ஆளுங்கதான் தம்பி. மடத்து நிலத்துல வேலை செஞ்சவங்க."

எனக்குப் புரியவில்லை. திபெத்தை விட்டு வெளியேறியவர்கள் என்றால் பிரபுக்களும் லாமாக்களும் என்றுதான் எங்கோ படித்து மனதில் பதிந்திருந்தது. பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்கள் விடுதலை கொடுத்தவர்களிடமிருந்து ஏன் ஓட வேண்டும்? அக்கா சிரித்துவிட்டு, "மார்ச் மாசம் ஊருக்கு வாங்க. அமாலா கிட்டயே கேளுங்க" என்றார். அமாலா என்றால் மரியாதையோடு அம்மா.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்தக் கட்டுரை அந்தப் படிப்பும், பைலகுப்பேயில் ஒரு பிற்பகலும் சேர்ந்தது.

முதலில் அந்த நாள். 2009 ஜனவரி 19 அன்று லாசாவில் திபெத் தன்னாட்சிப் பகுதியின் மக்கள் பேரவை கூடியது. 382 உறுப்பினர்கள் வாக்களித்து மார்ச் 28ஐ 'பத்து லட்சம் பண்ணையடிமைகள் விடுதலை நினைவு நாள்' என்று அறிவித்தார்கள். அந்த வருடமே போட்டாலா அரண்மனை முன்னால் உள்ள சதுக்கத்தில் முதல் விழா நடந்தது. கொடியேற்றம், உரைகள், மரபு உடையில் வரிசை வரிசையாக மக்கள். பழைய காலத்தில் அடிமையாக இருந்த முதியவர் ஒருவர் எழுந்து அன்று பட்ட துயரத்தையும் இன்றைய வாழ்வையும் ஒப்பிட்டுப் பேசுவது விழாவின் வழக்கமான ஒரு பகுதி.

50 வருடத்துக்கு முந்தைய மார்ச் 28இல் என்ன நடந்தது? 1959 மார்ச் 10 அன்று, சீன ராணுவ முகாமில் நடக்கும் கலை நிகழ்ச்சிக்குத் தலாய் லாமாவை அழைத்திருக்கிறார்கள், போனால் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் லாசா மக்கள் ஆயிரக்கணக்கில் நோர்புலிங்கா அரண்மனையைச் சூழ்ந்துகொண்டார்கள். 17ஆம் தேதி இரவு தலாய் லாமா சிப்பாய் வேடத்தில் வெளியேறினார். 20ஆம் தேதி பீரங்கிகள் முழங்கின. சில நாட்களில் லாசா அடங்கியது. 28ஆம் தேதி சீனப் பிரதமர் சூ என்லாய் ஆணை ஒன்றில் கையெழுத்திட்டார். திபெத்தின் உள்ளூர் அரசு கலைக்கப்படுகிறது, அதன் அதிகாரம் தன்னாட்சிப் பகுதிக்கான ஆயத்தக் குழுவுக்குப் போகிறது, தலாய் லாமா இல்லாததால் அவருக்கு அடுத்த பெரிய லாமாவான பஞ்சென் லாமா அதன் தற்காலிகத் தலைவர். இதுதான் அந்த ஆணையின் சாரம். மூன்று நாள் கழித்து, 31ஆம் தேதி, தலாய் லாமா இந்திய எல்லைக்குள் கால் வைத்தார்.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. மார்ச் 28இல் நடந்தது ஓர் அரசின் கலைப்பு. கட்டாய உழைப்பை ஒழித்து, நிலக் குத்தகையையும் வட்டியையும் குறைக்கும் தீர்மானத்தை அந்த ஆயத்தக் குழு நிறைவேற்றியது ஜூலை 17ஆம் தேதி. கடன் பத்திரங்கள் எரிந்ததும் நிலம் அளந்து கொடுக்கப்பட்டதும் அதையொட்டிய மாதங்களில். உழுதவர் கையில் விளைச்சல் வந்த நாளை நினைவுநாளாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அப்புறம் அந்தச் சொல். 'பண்ணையடிமை' என்று தமிழில் எழுதும்போது நமக்குத் தஞ்சாவூர்ப் பண்ணையாள்தான் கண்ணுக்கு வருகிறார். திபெத்திய மொழியில் குடியானவருக்குப் பொதுச்சொல் 'மிசெர்'. அதற்குள் பல படிகள் இருந்தன. 'த்ரெல்பா' என்பவர் வரி கட்டும் குடியானவர். பரம்பரையாக நிலம் இருக்கும், அதற்கு எழுத்துப் பத்திரமும் இருக்கும். பதிலுக்குத் தானியம், வெண்ணெய், உழைப்பு எல்லாம் கொடுக்க வேண்டும். இவர்களில் வசதியானவர்களும் இருந்தார்கள். நிலம் பிரிந்துவிடக் கூடாது என்று அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஒரே பெண்ணை மணந்துகொள்ளும் வழக்கம் இந்த வீடுகளில் அதிகம். வரி வீட்டின் மேல் விழுந்ததால், வீடு உடையாமல் இருந்தால்தான் வரியைக் கட்ட முடியும். அடுத்த படி 'டூச்சுங்', சிறு புகை என்று பொருள். அடுப்புப் புகையைக் கொண்டு குடும்பத்தை எண்ணினார்கள் போல. துண்டு நிலமோ வெறும் கூலியோதான் இவர்களுக்கு. இதற்கும் கீழே எஜமானர் வீட்டுக்குள்ளேயே வேலை செய்த 'நாங்சென்'.

இந்த அமைப்பைப் பண்ணையடிமை முறை என்று சொல்லலாமா என்று அறிஞர்கள் பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். அமெரிக்க மானுடவியலாளர் மெல்வின் கோல்ட்ஸ்டீன் சொல்லலாம் என்பவர். குடியானவர் பிறப்பாலேயே ஒரு பண்ணையோடு கட்டுண்டவர், தன் விருப்பத்துக்கு விலகிப் போக முடியாது என்பது அவர் வாதம். ஆனால் அன்றாட வாழ்க்கையில் அவர்களுக்கு ஓரளவு சுதந்திரம் இருந்தது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். கடமையைச் செலுத்திவிட்டு வெளியூரில் போய்ப் பிழைக்க அனுமதி வாங்கியவர்கள் நிறையப் பேர். மற்றவர்கள், இது ஐரோப்பாவிலிருந்து இரவல் வாங்கிய சொல், திபெத்துக்குப் பொருந்தாது என்கிறார்கள். பெய்ஜிங் சொல்லும் கணக்கு, மக்களில் 95 சதவீதம் பேர் அடிமைகள் என்பது. அதில் பத்திரம் வைத்திருந்த த்ரெல்பாவும் வீட்டு வேலைக்காரரும் ஒரே தட்டில் வைக்கப்படுகிறார்கள்.

எந்தப் பெயர் வைத்தாலும் சரி, ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. நிலம் அரசிடமும் மடங்களிடமும் பிரபுக் குடும்பங்களிடமும் இருந்தது. அதில் உழைத்தவர் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குக் கட்டுப்பட்டிருந்தார். பழைய திபெத்தை ஞானிகள் மட்டும் வாழ்ந்த மலைச் சொர்க்கமாக எழுதுபவர்கள் அமாலாவின் அப்பாவைப் பார்த்ததில்லை.

அந்தச் சுமைகளில் ஒன்றின் பெயர் 'உலா'. படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. நமக்கு உலா என்றால் வீதியில் ராஜா வருவது, ஏழு பருவப் பெண்கள் மயங்குவது. அங்கே உலா என்பது கூலியில்லாக் கட்டாய உழைப்பு, குறிப்பாகப் போக்குவரத்துக்கு. அரசின் அனுமதிச் சீட்டோடு ஓர் அதிகாரி வந்தால் அவருக்குக் குதிரையும், மூட்டைகளுக்குப் பொதி மிருகங்களும், கூட நடக்க ஆளும் அந்த ஊர்க்காரர் கொடுக்க வேண்டும். அடுத்த நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டால் அங்கே அடுத்த ஊர்க்காரர் தோள் மாற்றுவார். அறுவடை நேரமாக இருந்தாலும் போக வேண்டும். யாக் வழியில் செத்தால் நஷ்டம் இவருக்கு. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று ஒன்று வரும், கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய வேலை. உலாவுக்கு நம் மொழியில் நேர்ச் சொல் அதுதான்.

சரி, பைலகுப்பே.

மார்ச் கடைசியில் போனேன். மைசூர் வரை ஒரு பேருந்து, குஷால்நகர் பக்கம் இன்னொன்று. மழைக்கு முந்தைய மாதம் என்பதால் மக்காச்சோள வயல்கள் எல்லாம் வெறும் செம்மண்ணாகக் கிடந்தன. அன்றைய மைசூர் மாநிலம் கொடுத்த காட்டு நிலத்தில் 1960களின் தொடக்கத்தில் உருவான குடியிருப்பு இது. பனிமலையிலிருந்து வந்தவர்கள் மரங்களை வெட்டி, யானைக்குப் பயந்து, வெயிலில் கருகி உருவாக்கியது. பொற்கோயில் என்று எல்லோரும் சொல்லும் மடத்துக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையில் நின்றன. அக்கா வீடு அங்கிருந்து தள்ளி, முகாம் எண் மட்டும் எழுதிய ஒரு தெருவில்.

அமாலாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. கையில் ஜெபமாலை உருண்டுகொண்டே இருந்தது. திபெத்திய மொழியில் பேசினார், அக்கா தமிழில் சொன்னார். ஊர் க்யான்ட்ஸே பக்கம். மடத்து நிலம். தாத்தா காலத்தில் ஒரு வருடம் ஆலங்கட்டி மழை கதிரை அழித்துவிட்டது. மடத்துக் களஞ்சியத்தில் பார்லி கடன் வாங்கினார்கள். ஐந்து கெல் வாங்கினால் ஆறு கெல் திருப்ப வேண்டும். கெல் என்பது அங்கே தானிய அளவு, 13, 14 கிலோ வரும். தாத்தா கட்டினார், இறந்தார். அப்பா கட்டினார். எவ்வளவு பாக்கி என்பது மடத்துக் கணக்கருக்குத்தான் தெரியும், அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"அப்பா உலாவுக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாள் பேச மாட்டாராம். ஏன்னு அப்ப அமாலாவுக்குப் புரியலை" என்றார் அக்கா.

மடத்தின் மேல் கோபம் உண்டா என்று கேட்டேன். அமாலா மாலையை நிறுத்தினார். கணக்கரின் மேல் உண்டு என்றார். அந்த மடத்திலேயே அவருடைய மாமா துறவியாக இருந்தார். சாயங்காலம் மாமாவைப் பார்க்கப் போனால் வறுத்த பார்லி மாவை உருட்டி வாயில் போடுவார். கடன் வாங்கியதும் அந்த வாசலில்தான், மாவு தின்றதும் அந்த வாசலில்தான். இரண்டையும் பிரிக்க அவருக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்க்கும் நாம்தான் மடத்தைக் கொடுமைக்கூடம் என்றோ கோயில் என்றோ ஏதாவது ஒன்றாக மட்டும் பார்க்கிறோம்.

திபெத்தியர்கள் யாருமே இதை மாற்ற நினைக்கவில்லையா? இந்தக் கேள்விதான் என்னை மூன்று மாதம் படிக்க வைத்தது. நினைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கதியைப் பார்க்கலாம்.

லுங்ஷார் என்று ஒரு பிரபு. 1913இல் நான்கு திபெத்தியச் சிறுவர்களை இங்கிலாந்துக்குப் படிக்க அழைத்துப்போனவர், 13வது தலாய் லாமாவுக்கு நெருக்கமானவர். 1933 டிசம்பரில் அந்தத் தலாய் லாமா இறந்ததும், கஷாக் எனப்படும் அமைச்சரவையில் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று கையெழுத்துச் சேர்த்தார். 1934இல் அவரைப் பிடித்துக் கண்களைப் பிடுங்கினார்கள். அப்படி ஒரு தண்டனை வெகுகாலமாக நடக்காததால், அதைச் செய்ய வேண்டிய சாதியாருக்கே செய்முறை தங்கள் பெற்றோர் சொல்லிக் கேட்டதாகத்தான் தெரிந்திருந்தது. இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

அடுத்தவர் கெண்டுன் சோபெல். ஆம்டோ பகுதியில் பிறந்த துறவி, ஓவியர், கவிஞர். 1934இல் ராகுல் சாங்கிருத்தியாயனோடு இந்தியா வந்து 12 வருடம் சுற்றினார், இலங்கையிலும் தங்கினார். தம்மபதத்தைப் பாலியிலிருந்து திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்தார். திபெத் மாற வேண்டும் என்று கலிம்போங்கில் கூடிப் பேசிய சிறு குழுவோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. 1946இல் லாசா திரும்பியவரைக் கள்ளநோட்டு வழக்கில் சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்தபோது உடலும் மனமும் தளர்ந்திருந்தது. 1951இல் இறந்தார். அந்தத் தலைமுறையின் மிகக் கூர்மையான மூளை அது. பழைய லாசா அதை இப்படித்தான் செலவழித்தது.

1950 அக்டோபரில் சீனப் படை கிழக்கே சாம்டோ நகரைப் பிடித்தது. 1951 மே 23 அன்று பெய்ஜிங்கில், திபெத்தைச் சீனாவின் பகுதி என்று சொல்லும் 17 அம்ச ஒப்பந்தம். அதன் 11வது அம்சம், சீர்திருத்தங்களை மத்திய அரசு திணிக்காது, உள்ளூர் அரசு தானாகச் செய்ய வேண்டும் என்றது. இளைஞரான 14வது தலாய் லாமா ஒரு சீர்திருத்தக் குழு அமைத்தார். பழைய கடன்கள், உலாவின் சுமை பற்றியெல்லாம் பேச்சு எழுந்தது. ஆனால் வேகம் போதவில்லை, நிலம் வைத்திருந்தவர்கள் தடையாக இருந்தார்கள். இதற்கிடையில் அந்த ஒப்பந்தத்துக்குள் வராத கிழக்குத் திபெத்தில், காம், ஆம்டோ பகுதிகளில், 1955, 56இலேயே நிலச் சீர்திருத்தத்தைக் கட்டாயப்படுத்தினார்கள். எதிர்ப்பு எழுந்தது. 1956இல் லிதாங் மடத்தின் மேல் விமானம் குண்டு போட்டது. அங்கிருந்து தப்பியவர்கள் லாசாவுக்கு வந்து கூடாரம் அடித்தார்கள். 1959 மார்ச்சில் மக்கள் ஏன் அப்படிப் பயந்தார்கள் என்பதற்குப் பதில் அந்தக் கூடாரங்களில் இருக்கிறது.

அமாலாவின் ஊருக்கு அந்தக் கோடையில் வேலைக்குழு வந்தது. களத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். மடத்திலிருந்து பத்திரக் கட்டுகளைக் கொண்டுவந்து குவித்துத் தீ வைத்தார்கள். தாத்தாவின் கடன் எந்தத் தாளில் இருந்தது என்று தெரியாது, ஆனால் அதுவும் அந்தக் குவியலில்தான் இருந்திருக்கும். அமாலாவின் அம்மா அழுதாராம். சந்தோஷத்தில் அழுததாகத்தான் அமாலா உறுதியாகச் சொன்னார். வீட்டுக்கு நிலமும் கிடைத்தது.

"அன்னிக்கு எல்லாரும் நல்லா இருந்தோம்னு சொல்றாங்க. அதை மறைக்க மாட்டாங்களாம்" என்றார் அக்கா, தானே முதல் முறை கேட்பவர் போல.

அப்புறம் 'தம்சிங்' வந்தது. நடுவில் ஒருவரைக் குனிய வைத்து, ஊரே சுற்றி நின்று குற்றம் சாட்டித் திட்டவும் அடிக்கவும் வேண்டிய கூட்டம். முதலில் அந்தக் கணக்கர். அவரை அடித்தபோது அமாலாவின் அப்பா முன்வரிசையில் இருந்தார். இரண்டாவது வாரம் மாமாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாமா யாரிடமும் எதையும் வாங்கியவர் இல்லை, வெறும் துறவி. அமாலாவின் அம்மாவைப் பேசச் சொன்னார்கள், சொந்தத் தம்பியைப் பற்றி. அவர் வாய் திறக்கவில்லை. பேசாதவர்கள் பட்டியல் ஒன்று இருப்பது பிறகுதான் தெரிந்ததாம். மாமாவை எங்கோ கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. 1961இல் ஒரு இரவு இவர்கள் தெற்கே நடந்து சிக்கிமுக்குள் வந்தார்கள். இங்கே சாலை போடும் வேலையில் கல் உடைத்தார்கள். பல வருடம் கழித்துத்தான் பைலகுப்பே.

விடுதலை கொடுத்தவர்களிடமிருந்து ஏன் ஓட வேண்டும் என்ற என் டிசம்பர் மாதக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மார்ச் 28 ஆணையில் தலைவராகப் பெயர் எழுதப்பட்ட 10வது பஞ்சென் லாமாவுக்கு அப்போது 21 வயது. பெய்ஜிங்கின் பக்கம் நின்றவர், சீர்திருத்தத்தை ஆதரித்தவர். ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு 1962இல் சூ என்லாயிடம் ஒரு மனு கொடுத்தார். 70,000 எழுத்து மனு என்று அதற்குப் பெயர். தன்னாட்சிப் பகுதியில் 2,500க்கு மேல் இருந்த மடங்களில் எழுபது சொச்சமே மிஞ்சியிருக்கின்றன, குற்றமற்றவர்கள் சிறையில் இருக்கிறார்கள், மக்கள் பசியில் இருக்கிறார்கள் என்று விவரமாக எழுதினார். சீர்திருத்தம் வேண்டாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. மாவோ அதை விஷ அம்பு என்றார். 1964இல் பஞ்சென் லாமாவைக் கூட்டத்தில் நிறுத்திச் சாடினார்கள், பதவிகள் போயின, பின்னர் ஒன்பது வருடத்துக்கும் மேல் சிறை. 1989 ஜனவரி 28இல் ஷிகாட்ஸேயில் இறந்தார்.

புந்த்ஸோக் வாங்யாலின் கதை எனக்கு இன்னும் கனமானது. காம் பகுதியின் பட்டாங்கில் 1922இல் பிறந்தவர். பதின்வயதிலேயே திபெத்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை ரகசியமாகத் தொடங்கினார். உலாவும் வரியும் நசுக்கிய மக்களைப் பார்த்து உண்மையாகவே கொதித்தவர். 1949இல் லாசா அரசு அவரை வெளியேற்றியது. 1951இல் 17 அம்சப் பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்தார். 1954, 55இல் தலாய் லாமாவும் மாவோவும் பேசியபோதும் நடுவில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். தன் மக்களின் விடுதலை தன் மக்கள் கையாலேயே நடக்க வேண்டும் என்று நினைத்தார். 1960இல் கைது. பெய்ஜிங்கின் சின்செங் சிறையில் 18 வருடம், பெரும்பாலும் தனிமையில். 1978இல் வெளியே வந்தபோது மனைவி உயிரோடு இல்லை. 2014 மார்ச் 30 அன்று பெய்ஜிங்கில் இறந்தார். அந்த வருட விடுதலை நாள் விழா முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

தாஷி செரிங்கையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம்லிங் பக்கம் ஒரு கிராமத்துப் பையன். தலாய் லாமாவின் சடங்கு நடனக் குழுவுக்குச் சிறுவர்களை அனுப்புவது அந்தப் பகுதிக்கு விதிக்கப்பட்ட வரி. பத்து வயதில் வரியாகப் போனான். பிள்ளையை வரியாகக் கொடுப்பது என்ற சொற்றொடரை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். வளர்ந்து, அமெரிக்கா வரை போய்ப் படித்தார். பழைய முறையின் கொடுமையை உடலால் அறிந்தவர் என்பதால், புதிய திபெத்தைக் கட்டலாம் என்று 1964இல் தானாகவே திரும்பினார். கலாசாரப் புரட்சியில் உளவாளி என்று சிறையில் போட்டார்கள். வெளியே வந்து, குற்றமற்றவர் என்று தீர்ப்பான பிறகு, மும்மொழி அகராதி தயாரித்தார், தன் நம்லிங் வட்டத்தில் ஐம்பது பள்ளிக்கூடங்கள் கட்டினார். அவரும் 2014இல்தான் காலமானார்.

கண்களை இழந்த பிரபு, கள்ளநோட்டு வழக்கில் துறவி, பதவியில் இருந்தே மனு எழுதிய லாமா, தனிச்சிறையில் கம்யூனிஸ்ட், நடனப் பையன். லாசாவும் பெய்ஜிங்கும் மாறி மாறி அடைத்தது இவர்களைத்தான். நம் வாழ்க்கையை நாமே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்ட திபெத்தியர்கள் இவர்கள். மார்ச் 28 விழாவில் திபெத்தியர் விடுதலை வாங்கிக்கொள்பவராக மட்டுமே வருகிறார், கொடுப்பவர் எப்போதும் கட்சி. இந்த நாளோடு எனக்குள்ள பிணக்கு இதுதான். அடிமைத்தளை அறுந்ததைக் கொண்டாடுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எரிந்த அந்தக் கடன் பத்திரங்களுக்காக ஒரு நாள் வேண்டும்தான்.

கிடைத்த நிலம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1960களின் நடுவிலிருந்து, நிலத்தையும் உழைப்பையும் பொதுவாக்கும் கம்யூன்கள் வந்தன. 1970களின் நடுவில் ஏறக்குறைய எல்லாக் கிராமங்களும் அதற்குள். உழுதவர் கைக்கு வந்த நிலம் பத்துப் பதினைந்து வருடம்கூட அவர் கையில் தங்கவில்லை. 1980 மே மாதம் கட்சிப் பொதுச்செயலாளர் ஹூ யாவ்பாங் லாசாவுக்கு வந்து, வறுமையைப் பார்த்து அதிர்ந்து, விவசாயிகளுக்கும் மேய்ப்பர்களுக்கும் வரிவிலக்கு அறிவித்தார். அதற்குப் பிறகுதான் நிலம் மறுபடி குடும்பங்களிடம் வந்தது. இந்த இடைக்காலத்துக்கு ஒரு நினைவுநாளும் இல்லை.

2009இல் ஏன் அறிவித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முந்தைய வருடம் மார்ச்சில் லாசாவில் தொடங்கிய எதிர்ப்பு, திபெத்தியர் வாழும் பகுதிகள் எங்கும் பரவியது. கடைகள் எரிந்தன, சாதாரண ஹான் சீனர்களும் ஹுய் முஸ்லிம்களும் உயிரிழந்தார்கள், அடக்குமுறையில் திபெத்தியர்களும் உயிரிழந்தார்கள். 2009 பிப்ரவரியில் லோசர் புத்தாண்டு வந்தபோது நிறைய வீடுகள் அதைக் கொண்டாடாமல் துக்கம் காத்தன. கொண்டாட வேண்டிய நாளில் கொண்டாடாமல் இருப்பதே அவர்களுக்கு மிஞ்சியிருந்த பேச்சு. ஒரு மாதம் கழித்து அதே மக்களுக்குப் புதிதாக ஒரு கொண்டாட்ட நாள் தரப்பட்டது.

அன்று நான் பைலகுப்பேயில் இருந்தது மார்ச் 28. திட்டமிட்டுத்தான் போனேன், ஆனால் அவர்களிடம் சொல்லவில்லை. அங்கே அது சாதாரண நாள். அவர்களுடைய நாள் மார்ச் 10, அது முடிந்து கொடிகள்கூட இறங்கிவிட்டன. வெண்ணெய்த் தேநீர் வந்தது. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், அக்காவின் மகன் போனில் தேடி, லாசாவில் காலையில் நடந்த விழாவின் காணொளியைப் போட்டுப் பாட்டியிடம் நீட்டினான்.

அமாலா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கொடி ஏறியதையும் மேடையில் பேசியவரையும் அவர் கவனிக்கவில்லை. வரிசையில் நின்ற வயதான பெண்களின் முகம் வரும்போதெல்லாம் விரலால் தட்டி நிறுத்தச் சொன்னார். ஒரு முகத்தில் வெகுநேரம் நின்றார். அவர் வயதுதான் இருக்கும். பட்டைபட்டையாகக் கோடு போட்ட முன்துணியை இடுப்பில் கட்டியிருந்தார்.

"இந்தப் பொண்ணு எங்க பக்கத்துப் பொண்ணாம்" என்றார் அக்கா. "கட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரியுதாம்."

இவர் யார், தெரிந்தவரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். பேரனிடம் ஏதோ கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை, அம்மாவைப் பார்த்தான். அக்கா என்னிடம் திரும்பி, "அங்க இப்ப பார்லி விதைக்க ஆரம்பிச்சிருப்பாங்களான்னு கேக்கறாங்க. உங்க போன்ல பார்க்க முடியுமா தம்பி?" என்றார்.